ஏ320 காக்பிட்டின் ரோட்டரி சுவிட்சுகள்: நேரடி வயரா, ரெசிஸ்டர் ஏணியா, மேட்ரிக்ஸா, மல்டிபிளெக்சரா?

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கட்டுநாயக்கவிலிருந்து ஏ320 பறக்கவிடுகிறது. கொழும்பில் சிமுலேட்டருக்காக வீட்டுக் காக்பிட் (விமானி அறை) கட்ட நினைப்பவருக்கு முதலில் மனதில் வருவதும் பெரும்பாலும் அந்த விமானம்தான். எத்தனை ரோட்டரி சுவிட்ச் (குமிழைத் திருப்பி நிலை மாற்றும் சுவிட்ச்), அவற்றுக்கு எத்தனை வயர் என்ற கணக்கை அதிலேயே போட்டுப் பார்ப்போம்.

விமானியின் திரைகளைக் கட்டுப்படுத்தும் இரு பக்க ஈஎஃப்ஐஎஸ் பேனல்களிலும் என்டி எனும் வழிகாட்டித் திரையின் முறைத் தெரிவுக் குமிழுக்கு 5 நிலை. தூர அளவுக் குமிழுக்கு 10 முதல் 320 கடல் மைல் வரை 6 நிலை. இரண்டு பக்கமும் சேர்த்து 22. எஞ்சின் மோட் குமிழுக்கு 3. மேல் பேனலில் ஏடிஐஆர்எஸ் குமிழ்கள் மூன்று, வைப்பர் இரண்டு, பேக் ஃப்ளோ ஒன்று, எக்ஸ்-பிளீட் ஒன்று, எல்லாமே 3 நிலை: 21. நடுப்பீடத்து ஸ்விட்சிங் பேனலில் நான்கு குமிழ்: 12. டிரான்ஸ்பொண்டர், டிகாஸ் (மோதல் எச்சரிக்கை) பகுதியில் 3, 3, 4: 10. மொத்தம் 19 குமிழ்கள், நிலைக்கு ஒன்றாக 68 தொடுமுனைகள்.

ஆர்டுயினோ மெகா 2560 எனும் மைக்ரோகொன்ட்ரோலர் போர்டை, அதைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மொபிஃப்ளைட் மென்பொருளோடு பாவிக்கும்போது 0, 1 ஆகிய பின்கள் கணினித் தொடர்புக்குப் போய்விடும். 2 முதல் 53 வரை 52 பின்கள், ஏ0 முதல் ஏ15 வரை 16 பின்கள். கூட்டினால் அதுவும் 68. எஃப்சியூ எனும் ஓட்டோபைலட் பேனலின் வேகம், திசை, உயரம் ஆகியவற்றுக்கு ஒரு பின்கூட மிஞ்சாது. ஒவ்வொரு தொடுமுனைக்கும் ஒரு வயர் இழுப்பதா, வேறு வழியா என்று யோசிக்க வேண்டியது இதனால்தான்.

என்கோடரைக் கொண்டு சமாளிக்கலாமா?

கூடாது. ஈசி11 வகை என்கோடர் மலிவு, இரண்டே பின் போதும், அதனால் ஆசை வரும். ஆனால் தான் எங்கே நிற்கிறது என்பது என்கோடருக்குத் தெரியாது. வலப்பக்கம் ஒரு கிளிக், இடப்பக்கம் ஒரு கிளிக் என்று மட்டுமே சொல்லும். குமிழின் கோடு 80-ஐக் காட்டிக்கொண்டிருக்க, சிமுலேட்டர் மறுபடி தொடங்கும்போது திரை 10-இல் நிற்கும். கோணமும் பொருந்தாது: ஒரு சுற்றுக்கு 20 கிளிக் என்றால் கிளிக்குக்கு 18 பாகை, பேனலில் எழுத்துகளோ 30 பாகை இடைவெளியில் இருக்கும்.

விதி எளியது. குமிழைச் சுற்றிப் பேனலில் எழுத்து அச்சிடப்பட்டிருந்தால் அங்கே ரோட்டரி சுவிட்ச். மதிப்பு திரையில் தெரிந்தால் என்கோடர்: எஃப்சியூ குமிழ்கள், பாரோ (காற்றழுத்த) குமிழ்கள். அறை வெப்பநிலைக் குமிழ்கள் மட்டும் 10 கிலோ ஓம் நேர்கோட்டு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் தடை மாறும் ரெசிஸ்டர்).

வயருக்கு முன் சுவிட்ச்

பிளாஸ்டிக் உடல், 6 மிமீ தண்டு, 30 பாகைக்கு ஒரு நிலை, பின்பக்கம் வெளிவட்டத்தில் 12 கால்கள்: இந்த வகைதான் எளிதில் கிடைக்கும். 1 போல் (தனிச் சுற்று) 12 நிலை, 2 போல் 6, 3 போல் 4, 4 போல் 3 என்று நான்கு விதமாக வரும். இந்த வேலைக்கு ஒரு போல் போதும் என்பதால் 1 போல் 12 நிலையையே எல்லாவற்றுக்கும் வாங்குங்கள். நிலைகளைக் குறைப்பது நட்டுக்கு அடியிலுள்ள நாக்கு வைத்த வளையம். தண்டை இடப்பக்கம் முட்டும்வரை திருப்பி, நட்டையும் வாஷரையும் கழற்றி, வளையத்தைத் தூக்கி, வேண்டிய எண்ணுள்ள துளையில் நாக்கை இறக்கவேண்டும். தண்டு இடப்பக்க முனையில் இல்லாதபோது வளையத்தைப் போட்டால், சுவிட்ச் நடுவிலிருந்து தொடங்கி, 1-ஆம் காலுக்கு வரவே மாட்டாது. சோல்டர் பண்ணிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லா வயரையும் கழற்றவேண்டி வரும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்யுங்கள். தொடர்ச்சி ஒலியில் வைத்து, ஒரு முனையை 1-ஆம் காலிலும் மற்றதை 2-ஆம் காலிலும் தொட்டபடி, தண்டை 1-இலிருந்து 2-க்கு மெதுவாகத் திருப்புங்கள். இடையில் ஒருகணம் ஒலித்தால் அது அடுத்ததைத் தொட்ட பிறகே பழையதை விடும் வகை. ஒலிக்காவிட்டால் பழையதை விட்டபின் அடுத்ததைத் தொடும் வகை. எந்த முறைக்கு எது பொருந்தும் என்பது கீழே வரும்; பொதுவாக விட்டபின் தொடும் வகைதான் வேண்டும்.

உடலின் முன்பக்கத்தில் ஒரு சிறு முளை இருக்கும். பேனலில் அதற்கு 3 மிமீ துளை போடச் சோம்பி அதை வெட்டிவிடுவது வழக்கம். பிறகு நட்டு சற்றுத் தளர்ந்ததும் சுவிட்ச் முழுதாகச் சுழன்று வயர்களை முறுக்கிப் பிய்க்கும். முளையை விட்டுவையுங்கள். பின்னொளிக்காக இரண்டு அடுக்கு அக்ரிலிக் போடுபவர்கள் மொத்தத் தடிப்பை அளந்த பிறகே சுவிட்ச் வாங்கவேண்டும். 6 மிமீக்கு மேல் போனால் நட்டுக்கு மரை மிஞ்சாமல் போகலாம்.

நேரடி வயர்

எல்லா நிலைகளுக்கும் பொதுவான காலை, அதாவது பொதுக்காலை, கிரவுண்டில் கட்டி, ஒவ்வொரு நிலையையும் ஒரு பின்னுக்கு இழுப்பது. மெகாவின் உள் புல்-அப் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டில் பிடித்திருக்கும். சுவிட்ச் அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும். நிரல் எழுதவேண்டாம், வேறு பாகம் வேண்டாம். பிழை வந்தால் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே, முதல் பேனல் கட்டுபவருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது என்பது எங்கள் கருத்து.

68-ஐக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. 3 நிலைக் குமிழில் நடு நிலையை வயர் பண்ணாமல் விடலாம். இரு ஓரங்களும் மூடப்படாவிட்டால் குமிழ் நடுவில் இருக்கிறது என்று மென்பொருளில் சொல்லிவிடுங்கள். ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு நடுவைத் தாண்டித்தான் போகமுடியும் என்பதால், இடையில் வரும் "எதுவும் மூடவில்லை" என்ற கணமும் பொய்யாகாது. பட்டியலில் 3 நிலைக் குமிழ்கள் 14. ஆக 68 என்பது 54 ஆகிறது.

இதே தந்திரத்தை 4, 5 நிலைக் குமிழில் செய்யக்கூடாது. இரத்மலானைப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா வகையின் இக்னிஷனைப் பாருங்கள்: ஓஃப், வலம், இடம், இரண்டும், ஸ்டார்ட். ஓஃப் நிலைக்கு வயர் வேண்டாம் என்று விட்டால், வலத்திலிருந்து இடத்துக்குத் திருப்பும்போது எந்தக் காலும் தொடாத அந்தச் சில மில்லிசெக்கனில் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் அணைந்ததாகச் சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். ஓடும் எஞ்சின் இருமும். ஐந்தையும் வயர் பண்ணுங்கள். இன்னொன்று: ஸ்டார்ட் நிலையிலிருந்து ஸ்பிரிங் திருப்பி இழுக்கவேண்டும்; சாதாரண ரோட்டரியில் அது இல்லை. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வாகன இக்னிஷன் சுவிட்சில் ஸ்பிரிங் உண்டு, ஆனால் நிலைகள் போதாது. 4 நிலை ரோட்டரியும் பக்கத்தில் ஓர் அழுத்து பொத்தானும்தான் நேர்மையான தீர்வு.

கிரவுண்ட் வயரைச் சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குச் சங்கிலியாகக் கொண்டுபோகும்போது, கடைசிச் சுவிட்சிலிருந்து மெகாவுக்குத் திரும்பவும் ஒரு வயர் இழுத்து வளையமாக்குங்கள். சங்கிலியில் ஒரு சோல்டர் விட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே செத்துவிடும். வளையத்தில் அப்படி ஆகாது.

ரெசிஸ்டர் ஏணி

ஒரு குமிழுக்கு ஓர் அனலொக் பின், மூன்று வயர். 12 நிலைகளையும் ஒரே பின்னில் படிக்கலாம் என்பது கேட்க இனிக்கும். வழக்கமாகக் காட்டப்படும் சுற்று: 12 கால்களுக்கிடையே 11 சம ரெசிஸ்டர்கள், ஒரு முனை 5 வோல்ட், மறுமுனை கிரவுண்ட், பொதுக்கால் அனலொக் பின்னுக்கு. இதில் ஒரு குறை உண்டு. முதல் நிலையின் வாசிப்பு 0. வயர் அறுந்து கிரவுண்டில் பட்டாலும் 0. ஆகவே 12-ஆவது ரெசிஸ்டர் ஒன்றை முதல் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போடுங்கள். 1 கிலோ ஓம், 1% மெட்டல் ஃபிலிம். அதிகபட்ச வாசிப்பான 1023-ஐ 12-ஆல் வகுத்தால் நிலைக்கு நிலை ஏறத்தாழ 85 படி. பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ஒன்றும் போட்டால், சுவிட்ச் எதையும் தொடாத கணத்தில் வாசிப்பு 0-க்கு இறங்கும். நிரல் 0-ஐப் புறக்கணித்து, ஒரே நிலை 30 மில்லிசெக்கன் நிலைத்து நின்றால் மட்டும் ஏற்கவேண்டும். இந்த 100 கிலோ ஓம் நடு நிலைகளின் வாசிப்பை 18 படி வரை கீழே இழுக்கும். அரை இடைவெளி 42 என்பதால் பாதகமில்லை.

ஏணிக்கு மட்டும் தொட்டபின் விடும் வகைச் சுவிட்ச் நல்லது. அடுத்தடுத்த இரண்டு கால்கள் ஒருகணம் இணையும்போது இடையிலுள்ள ரெசிஸ்டர் குறுக்கிடப்படும். மீதி 11 மட்டும் இருக்கும். அப்போதைய வாசிப்பு எப்போதும் அந்த இரு நிலைகளின் வாசிப்புகளுக்கு நடுவிலேயே விழும், வெளியே தாவாது. ஏணிக்கான 5 வோல்ட்டை மெகாவின் 5 வோல்ட் பின்னிலிருந்தே எடுங்கள். அளப்பதும் அளவுகோலும் ஒரே மின்னழுத்தமாக இருந்தால் யூஎஸ்பி மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் விகிதம் மாறாது. வெளிப் பவர் சப்ளையிலிருந்து கொடுத்தால் நிலைகள் வழுகும். ராஸ்பெரி பை பிக்கோ என்றால் 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் பின் போய்விடும்.

மொபிஃப்ளைட்டில் அனலொக் உள்ளீடு வெறும் எண்ணாகத்தான் வரும். அதை நிலையாக மாற்றும் கோவையை நீங்களே எழுதவேண்டும். சொந்தமாக நிரல் எழுதுபவருக்கு, காக்பிட்டின் ஒரு மூலையில் தனியாக நிற்கும் ஓரிரு குமிழ்களுக்கு இது வசதி. 19 குமிழ்களுக்கும் இதைச் செய்யப்போனால் 16 அனலொக் பின்களும் போதாது, பொட்டென்ஷியோமீட்டர்களுக்கும் இடமிராது.

மேட்ரிக்ஸ்

சொந்தமாக நிரல் எழுதுபவருக்கு நாங்கள் சிபாரிசு செய்வது இது. எல்லாச் சுவிட்சுகளின் 1-ஆம் கால்களும் ஒரு வரிசைக் கம்பியில், 2-ஆம் கால்கள் அடுத்ததில், இப்படி 6 வரிசை. ஒவ்வொரு சுவிட்சின் பொதுக்காலும் தனித்தனி நிரல்வரிசை (மேட்ரிக்ஸின் செங்குத்துக் கம்பி). 19 குமிழ்களுக்கு 6 உடன் 19, மொத்தம் 25 பின்கள். 18 பின்களுள்ள புரோ மைக்ரோவில்கூட 12 குமிழ்கள் அடங்கும்; அது கணினிக்கு நேரடியாக ஜோய்ஸ்டிக்காகவே தெரியும்.

மேட்ரிக்ஸ் என்றதும் ஒவ்வொரு தொடுமுனைக்கும் ஒரு 1என்4148 டயோட் போடவேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். 68 டயோட் சோல்டர் பண்ணத் தேவையில்லை. இல்லாத சுவிட்ச் மூடியதாகத் தெரியும் பேய்ப் பிழை வரவேண்டுமானால், ஏதாவது ஒரு நிரல்வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு தொடுமுனைகள் மூடியிருக்கவேண்டும். ரோட்டரி சுவிட்சோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடும். எனவே நிரல்வரிசைக்கு ஒரு ரோட்டரி என்று வைத்தால் பேய்ப் பிழைக்கு வழியே இல்லை. தொட்டபின் விடும் வகையைப் போட்டால் இந்த வாதம் உடையும். இங்கே அது ஆகாது.

ஆனாலும் சுவிட்சுக்கு ஒரு டயோட், பொதுக்காலில், போடுங்கள். சில நிரல்கள் படிக்காத நிரல்வரிசைகளை 5 வோல்ட்டில் ஓட்டி வைத்திருக்கும். அப்போது இரண்டு குமிழ்கள் ஒரே நிலையில் நின்றால் ஒரு பின்னின் 5 வோல்ட் இன்னொரு பின்னின் கிரவுண்டோடு நேராக மோதும். டயோட் அதைத் தடுக்கும். நிரல்வரிசையைக் கிரவுண்டுக்கு இழுத்து வரிசையைப் படிக்கும் நிரலானால், கோடுள்ள முனை ஆர்டுயினோ பக்கம். இதே வரிசைகளில் டொகிள் சுவிட்சுகளையும் சேர்த்தால், அவை ஒவ்வொன்றுக்கும் தனி டயோட் கட்டாயம். ஒரு நிரல்வரிசையில் பல டொகிள்கள் ஒன்றாக மூடியிருக்கும்.

ஆயத்தமாக வாங்குவதானால் லியோ பொட்னரின் பியூ0836ஏ போர்ட் மேட்ரிக்ஸ் முறையில் 32 பொத்தான்களை ஏற்கும். பியூ0836எக்ஸ் அதே 32-ஐ நேரடி முனைகளில் தரும். நிரல் தொல்லை இல்லை. ஆனால் ஈஎஃப்ஐஎஸ் இரண்டு பக்கமே 22-ஐத் தின்றுவிடும்.

மல்டிபிளெக்சரும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரும்

மொபிஃப்ளைட் பாவிப்பவருக்கு முழு ஏ320-க்கும் நாங்கள் சொல்வது 4067 மல்டிபிளெக்சர் மொடியூல். 16 வழிகளை ஒவ்வொன்றாக ஒரே சிக்னல் வயரோடு இணைக்கும். எஸ்0 முதல் எஸ்3 வரை நான்கு முகவரி வயர்களை எல்லா மொடியூல்களும் பகிர்ந்துகொள்ளும். மொடியூலுக்கு ஒரு சிக்னல் வயர் மட்டும் தனி. 54 தொடுமுனைகளை இப்படிப் பிரிக்கலாம்: இடது ஈஎஃப்ஐஎஸ் 11, வலது 11, மேல் பேனல் 14, ஸ்விட்சிங் பேனலும் டிரான்ஸ்பொண்டரும் சேர்த்து 16. நான்கு மொடியூல்கள். மிச்சமுள்ள எஞ்சின் மோட் இரண்டும் நேரடியாக. மெகாவில் செலவாவது 4, 4, 2 என்று பத்தே பின்கள். 58 கையில் நிற்கும்.

மொடியூலைப் பேனலின் பின்னாலேயே ஒட்டுங்கள். அங்கிருந்து மெகாவுக்கு 5 வோல்ட், கிரவுண்ட், நான்கு முகவரி, ஒரு சிக்னல்: ஏழு வயர். எட்டு இழை ஈதர்நெட் பேட்ச் கேபிள் ஒன்று கச்சிதம். எட்டாவதை இரண்டாவது கிரவுண்டாக்கிச் சிக்னலோடு சோடி சேருங்கள். சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வகை வேண்டாம், பேனலைத் திறந்து மூடும்போது முறியும். மொடியூலை இயங்கவைக்கும் ஈஎன் பின்னைக் கிரவுண்டில் கட்டுங்கள். அந்தரத்தில் விட்டால் மொடியூல் சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாது, அதைவிடக் கொடுமையான பிழை கிடையாது. மொடியூலின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்று. பின்னொளிப் பவர் சப்ளைக்குப் போகும் 230 வோல்ட் வயரோடு இந்தக் கேபிளைக் கட்டாதீர்கள். ஒரு நிலையைத் திருப்பினால் பக்கத்து வேறொரு குமிழ் துள்ளினால், முகவரி வயர்களில் இரண்டு இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

74எச்சி165 ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் இதே வேலையை மூன்றே சிக்னல் வயரில், சங்கிலியாகச் செய்யும். ஆனால் அதன் உள்ளீடுகளுக்கு உள் புல்-அப் இல்லை. ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ ஓம் வெளியே போடவேண்டும். 4067-இல் மெகாவின் சிக்னல் பின்னிலுள்ள ஒரு புல்-அப் 16 வழிக்கும் போதும். அந்த வித்தியாசம் ஒன்றே முடிவு செய்துவிடுகிறது.

கொழும்புக் காற்று

இந்த ஒப்பீட்டில் பலர் கணக்கில் எடுக்காதது தொடுமுனை வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பது. மலிவுச் சுவிட்சுகளின் வெள்ளிப் பூச்சில் ஈரக்காற்றால் மெல்லிய படலம் படியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்பும் சேரும். சில மில்லி அம்பியர் ஓடினால் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போகும். மெகாவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம், அதாவது 0.1 முதல் 0.25 மில்லி அம்பியர்தான். மாதக்கணக்கில் தொடாத வைப்பர் குமிழ் முதல் திருப்பலில் வேலை செய்யாமல் இரண்டாவதில் வேலை செய்வது இதனால்.

ஏணியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தொடுமுனை வழியாக ஓடுவது 100 கிலோ ஓம் இழுக்கும் 0.05 மில்லி அம்பியருக்கு மேற்படாது. படலத்தின் தடையும் நேராக வாசிப்பில் சேர்ந்து நிலையைத் தவறாகக் காட்டும். ஏசி இல்லாத அறையில் ஏணியைத் தவிர்ப்பதே நல்லது. 4067-இல் மருந்து ஒரே ஒரு ரெசிஸ்டர்: சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் 2.2 கிலோ ஓம். மின்னோட்டம் 2 மில்லி அம்பியரைத் தாண்டும், 16 வழிக்கும் சேர்த்து. நேரடி வயரில் இதையே பின்னுக்குப் பின் போடவேண்டும்.

சோல்டர் பண்ணும்போது கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி சுவிட்சைப் பிடியுங்கள். மேல்நோக்கி வைத்தால் உருகிய ஃபிளக்ஸ் காலோடு உள்ளே வழிந்து தொடுமுனையில் உறையும். 350 பாகை செல்சியஸ் சூடு, காலுக்கு இரண்டு மூன்று செக்கன், அதற்கு மேல் பிளாஸ்டிக் இளகிக் கால் சாயும். ஏற்கெனவே மக்கர் பண்ணும் சுவிட்சுக்குக் கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, முனையிலிருந்து முனைக்குப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள். தொடுமுனை தன்னைத்தானே உரசித் துடைக்கும். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போய்த் தூசியைப் பிடிக்கும். பேனலை மூடுமுன் எல்லாக் குமிழ்களையும் ஒவ்வொரு நிலையாகத் திருப்பி மொபிஃப்ளைட்டின் பதிவில் பாருங்கள். சுவிட்சுகளின் அப்போதைய நிலையைச் சிமுலேட்டருக்கு மறுபடி அனுப்பும் கட்டளையையும் ஒரு பொத்தானுக்குக் கொடுத்துவிடுங்கள். விமானம் ஏற்றப்பட்டதும் அதை ஒருமுறை அழுத்தினால் 19 குமிழ்களும் திரையோடு ஒத்துப்போகும்.